வெண்மலை வைத்த கணக்கு

சுவிற்சர்லாந்தின் ஜெனீவா நகரிலே, மேற்கோரமாக, இரண்டு நதிகள் கூடும் இடம் ஒன்றுண்டு. ஏரியை விட்டுப் புறப்பட்டு வரும் றோன் நதி நீலமாய்த் தெளிந்திருக்கும். அதனுடன் வந்து சேரும் ஆர்வ் நதியோ சாம்பலைக் கரைத்துவிட்டாற்போல் வெளிறிக் கலங்கியிருக்கும். சேர்ந்த பின்னரும் இரு நீரும் உடனே கலந்துவிடுவதில்லை. நடுவே கோடு கிழித்தாற்போலச் சிறிது தூரம் அருகருகே ஓடிய பின்னரே ஒன்றாகின்றன. றோன் நதி தான் கொண்டுவந்த மண்ணையெல்லாம் ஜெனீவா ஏரியிலே இறக்கி வைத்துவிட்டு வருகின்றது. ஆர்வ் நதிக்கு வழியில் அத்தகைய பேரேரி எதுவும் இல்லை. அது சுமந்து வரும் சாம்பல் நிறப் பொடி, மலையிலே பனிக்கட்டியின் அடியில் அகப்பட்டு அரைபட்ட பாறையின் மாவாகும்.

அந்த மலை மொன் பிளாங். பிரெஞ்சு மொழியில் அப்பெயருக்கு வெண்மலை என்பது பொருள். பிரான்சும் இத்தாலியும் சந்திக்கும் எல்லையிலே, அல்ப்சு மலைத்தொடரின் தலையாய சிகரமாக, ஏறத்தாழ 15,770 அடி உயரத்தில் அது நிற்கின்றது. வடபுறச் சரிவிலே உருகும் நீர் ஆர்வ் நதியாகி, றோனில் விழுந்து, மத்தியதரைக் கடலை அடைகின்றது. தென்புறச் சரிவின் நீர் டோரா பல்தேயா என்னும் நதியாகி, போ நதியுடன் கூடி, அதிரியாட்டிக்குக் கடலுக்குச் செல்கின்றது. ஒரே உச்சியில் அருகருகே வீழ்ந்த இரண்டு பனித்துளிகள் இவ்வாறு வேறு வேறு கடல்களுக்குப் போய்ச் சேர்வதுண்டு.

ஆயினும் அவை உடனே போய்ச் சேர்வதில்லை. மழையால் பெருகும் நதிகளையே கண்டு பழகியவர்களுக்கு இம்மலையின் நீர் நடக்கும் விதம் புதுமையாகத் தோன்றும். உச்சியில் வீழும் பனி அங்கே உருகுவதில்லை. ஆண்டுதோறும் அடுக்கின்மேல் அடுக்காக ஏறி, தன் பாரத்தாலேயே இறுகி, உள்ளிருந்த காற்றை நெருக்கிக் கட்டியாகின்றது. கட்டியானதும் அசையாது கிடக்கும் என்று எண்ணுதல் பிழை. மலைச்சரிவிலே தேன் வடிவது போல, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அது கீழ்நோக்கி நகருகின்றது. இதுவே பனிக்கட்டியாறு. பள்ளத்தாக்கின் வெப்பத்தை எட்டிய பின்னரே அதன் நுனி உருகி ஆறாகின்றது. ஆதலின் குளிர்காலத்தில் மெலிந்து கிடக்கும் ஆர்வ் நதி, வெயில் ஏறும் கோடையிலே கரை தட்டி ஓடும். அக்கோடை நீரில் ஒரு பகுதி பல தலைமுறைகளுக்கு முன் பெய்த பனியாகும். வீழ்ந்ததை வீழ்ந்த நாளிலேயே கொடுக்காமல், வைத்திருந்து பிந்திக் கொடுப்பது இம்மலையின் இயல்பு. நீர் மட்டுமன்று, அது உள்ளே எடுத்துக்கொண்ட ஏனையவும் அவ்வாறே வெளிவந்தன என்பதை அதன் வரலாறு காட்டுகின்றது.

மலையின் அடியிலே ஆர்வ் பள்ளத்தாக்கில் அமைந்த ஊர் சமொனி. இன்று உலகெங்கும் அறியப்பட்ட அவ்வூர், 17ஆம் நூற்றாண்டிலே சில நூறு குடிகள் ஆடு மாடு வளர்த்து வாழ்ந்த ஏழைக் கிராமமாகவே இருந்தது. அக்காலத்தில் அவ்வூரார் இம்மலையை வெண்மலை என்று அழைத்திலர். சபிக்கப்பட்ட மலை என்றனர். அதற்குக் காரணம் இருந்தது. குளிர் மிகுந்த அந்நூற்றாண்டிலே பனிக்கட்டியாறுகள் பெருத்து, பள்ளத்தாக்கினுள் இறங்கி, வயல்களையும் சில குடியிருப்புக்களையும் விழுங்கின. ஆர்வ் நதியையே மறித்துவிடுமோ என்ற அச்சம் எழுந்தது. 1644ஆம் ஆண்டிலே மக்கள் ஜெனீவா மறைமாவட்டத்து ஆயரின் துணைவரை அழைத்து வந்து, நூற்றுக்கணக்கானோர் ஊர்வலமாகச் சென்று, பனிக்கட்டியின் முன்னே நின்று அது பின்வாங்க வேண்டுமென மன்றாடினர். பின்னாளில் அதே பனிக்கட்டி பின்வாங்குகின்றதே என்று அவ்வூரார் கவலையுறும் காலம் வரும் என அன்று எவரும் நினைத்திருக்க மாட்டார்.

1741ஆம் ஆண்டிலே வின்டம், பொக்கொக் என்னும் ஆங்கிலேயர் இருவர் துணைவர் சிலருடன் ஆயுதந்தாங்கி அப்பள்ளத்தாக்கினுள் நுழைந்தனர். ஊராரின் உதவியுடன் மொந்தன்வேர் என்னும் மேட்டின்மீது ஏறி, அங்கிருந்து பெரும் பனிக்கட்டியாறொன்றைக் கண்டனர். அலையெழும்பிய ஏரியொன்று திடீரென உறைந்தது போன்றது அது என்று வின்டம் வருணித்தார். பனிக்கடல் என்ற பெயர் அதற்கு அவ்வாறே வாய்த்தது. செய்தி ஐரோப்பா முழுவதும் பரவிற்று. சபிக்கப்பட்ட மலை காட்சிப் பொருளாயிற்று.

1760ஆம் ஆண்டிலே ஜெனீவாவைச் சேர்ந்த 20 வயது இளைஞர் ஒருவர் சமொனிக்கு வந்தார். பின்னாளில் பெரும் விஞ்ஞானியாக விளங்கிய ஒராசு பெனெடிக்ற் டி சொசூர் அவரே. உச்சிக்கு வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு தருவதாக அவர் அறிவித்தார். அப்பரிசை எவரும் எளிதிற் பெறவில்லை. ஏறுவோர் அஞ்சியது பாறையை அன்று, இரவையே. பனியின்மீது இரவு தங்கினவன் விடியுமுன் இறப்பான் என்பது ஊர் நம்பிக்கை. ஒரு பகலுக்குள் ஏறி இறங்கக்கூடிய மலையோ அது அன்று. 1786 யூன் மாதத்திலே ஜாக் பல்மா என்னும் பளிங்குக்கல் தேடும் இளைஞன் தன் கூட்டத்தாரைப் பிரிந்து, தனித்துப் பனியின்மேல் ஓரிரவு கிடந்து, உயிரோடு இறங்கி வந்தான். மலையின் பூட்டு உண்மையில் அவ்விரவிலே திறந்தது எனலாம்.

அதே ஆண்டு ஓகஸ்ட் 7ஆம் நாள் பிற்பகல் இருவர் சமொனியிலிருந்து புறப்பட்டனர். ஒருவன் பல்மா. மற்றவர் அவ்வூர் வைத்தியர் மிசேல் கபிரியேல் பக்கார். வைத்தியர் பல ஆண்டுகளாகத் தொலைகாட்டி கொண்டு மலைச்சரிவுகளை ஆராய்ந்து வழி குறித்தவர். அவர் சுமந்து சென்ற பொருள்களில் பாரமானியும் வெப்பமானியும் இருந்தன. கயிறுமில்லை, பனிக்கோடரியுமில்லை, நீண்ட தடிகளே துணை. பனிக்கட்டியாறுகள் இரண்டிற்கு நடுவேயுள்ள பாறை மேட்டில் இரவைக் கழித்து, மறுநாள் விடியுமுன் எழுந்து, நாள் முழுவதும் பிளவுகளைத் தாண்டி, மென்பனியிலே இடுப்பளவு புதைந்து புதைந்து ஏறினர். மாலை 6 மணி 23 நிமிடமளவில் உச்சியை அடைந்தனர். அரைமணிக்குச் சற்று மேலாக அங்கே நின்ற வைத்தியர் பாரமானியைப் பார்த்து அளவு குறித்தார். நிலவொளியிலே இறங்கினர். பனியின் ஒளி தாக்கியதால் மறுநாள் வைத்தியரின் கண்கள் பார்வை மங்கியிருந்தன. தடியைப் பற்றித் தடவியே அவர் ஊர் வந்து சேர்ந்தார்.

நிமிடக் கணக்கு எவ்வாறு தெரிந்தது? அன்று சமொனியிலே தங்கியிருந்த கேர்ஸ்டோர்ப் என்னும் செருமானியப் பிரபு, தொலைகாட்டி வழியாக அவ்விருவரையும் இடையறாது நோக்கி, அவர்கள் சென்ற வழியை வரைந்து, நேரத்தையும் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அந்நாட்குறிப்பு அவருடன் செருமனிக்குச் சென்று, நூறாண்டுக்கு மேலாக எவர் கண்ணிலும் படாது கிடந்தது.

அதற்கிடையில் ஒரு பெரும் அநீதி நடந்தேறிற்று. ஜெனீவாவில் வாழ்ந்த பூறீ என்னும் பாடகரும் ஓவியருமான ஒருவர், உச்சியை அடையப் பலமுறை முயன்று தோற்றவர். தம்மால் இயலாததை ஒரு கிராமத்து வைத்தியர் முடித்துவிட்டதை அவருடைய மனம் ஏற்கவில்லை போலும். அவ்வாண்டு செப்ரெம்பரிலேயே ஒரு கடிதத்தை அச்சிட்டு வெளியிட்டார். வழி கண்டவன் பல்மா, முன் சென்றவன் பல்மா, சோர்ந்து கிடந்த வைத்தியரைப் பின்பு வந்து இழுத்துச் சென்றவனும் பல்மா என்பது அதன் சாரம். பக்கார் இதனை மறுத்தார். வைத்தியரின் பங்கை ஒப்புக்கொள்ளும் சாட்சிப் பத்திரத்தில் பல்மாவே கையொப்பமிட்டான். தம் பயணத்தைப் பற்றி நூல் வெளியிடப் போவதாக வைத்தியர் அறிவித்ததும் உண்டு. அந்நூல் வெளிவரவேயில்லை.

சொசூரின் பரிசும், அப்பகுதியை ஆண்ட சார்டினிய மன்னனின் வெகுமதியும் பல்மாவுக்குக் கிடைத்தன. காலஞ் செல்லச் செல்ல அவனுடைய கதை வளர்ந்தது. 1832ஆம் ஆண்டிலே புகழ்பெற்ற எழுத்தாளர் அலெக்சாந்தர் டூமா சமொனிக்கு வந்தபோது, முதியவனாகிய பல்மா அவருக்குத் தன் வீரத்தைச் சொன்னான். டூமா அதனைத் தமக்கேயுரிய சுவையுடன் எழுதினார். அக்கதையில் வைத்தியர் ஏறக்குறைய ஒரு மூட்டையைப் போலவே உச்சிக்குச் செல்கின்றார். பக்கார் 1827இலேயே இறந்துவிட்டார், மறுக்க ஆளில்லை. பல்மாவும் 1834இல் தங்கம் தேடிச் சென்று மலையிடுக்கில் வீழ்ந்து மாண்டான். 1887இல் சமொனியிலே எழுப்பப்பட்ட சிலையில் பல்மா உச்சியைச் சுட்டிக்காட்ட, சொசூர் நிமிர்ந்து நோக்குகின்றார். வைத்தியருக்கு அதில் இடமில்லை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே மலையேற்ற வரலாற்றை ஆராய்ந்தோர் கேர்ஸ்டோர்பின் நாட்குறிப்பையும் வரைபடத்தையும் தேடி எடுத்தனர். இருவரும் மாறி மாறி முன்சென்றதும், ஏறக்குறைய ஒரே வேளையில் உச்சியை அடைந்ததும் அதிலே தெளிவாக இருந்தன. பக்காரின் முழுச் சிலை சமொனியில் வைக்கப்பட்டது 1986ஆம் ஆண்டில். முதல் ஏற்றம் நிகழ்ந்து சரியாக 200 ஆண்டுகளின் பின். பல்மாவின் துணிவை இதனால் குறைத்து மதிப்பிட வேண்டுவதில்லை. அவனின்றி வைத்தியர் சென்றிருக்க இயலாது. அவனைப் பொய்யனாக்கியதில் அவனுடைய நாவைவிட மற்றவர்களுடைய எழுதுகோலுக்கே பங்கு மிகுதி.

சொசூர் தாமே 1787 ஓகஸ்ட் 3ஆம் நாள் 18 வழிகாட்டிகளுடன் உச்சிக்குச் சென்று, நான்கு மணிநேரத்துக்கு மேல் அங்கிருந்து ஆராய்ச்சிகள் செய்தார். 1808இலே மரீ பரடி என்னும் சமொனிப் பெண் ஏறினாள். உச்சியை மிதித்த முதற் பெண் அவளே. இவற்றின் பின் மலையேற்றம் ஒரு தொழிலாயிற்று. செல்வர் பணம் கொடுத்தனர். சமொனி இளைஞர் சுமை தூக்கி முன் நடந்தனர். தொழில் என்றால் விலையும் உண்டு. அதனை முதலிற் கொடுத்தோர் மூவர்.

1820 ஓகஸ்ட் மாதத்திலே உருசிய அரசின் சேவையிலிருந்த அமெல் என்னும் விஞ்ஞானியின் தலைமையில் ஒரு கூட்டம் புறப்பட்டது. புதுப்பனி வீழ்ந்திருந்தது. வழிகாட்டிகள் தயங்கினர் என்றும், பயணிகளின் விருப்பத்துக்கு இணங்கியே தொடர்ந்தனர் என்றும் அக்காலப் பதிவுகள் கூறும். உச்சிக்குக் கீழான செங்குத்துச் சரிவைக் குறுக்கே கடக்கும்போது அவர்கள் காலடியிலேயே பனி அறுந்து சரிந்தது. பியர் பல்மா, பியர் கரியே, ஒகுஸ்த் தெராசு என்னும் வழிகாட்டிகள் மூவர் ஆழ்ந்த பனிப்பிளவினுள் தள்ளுண்டு புதைந்தனர். தேடியும் உடல்கள் அகப்படவில்லை.

இத்துயரம் சமொனியை விழிப்பித்தது. அடுத்த ஆண்டு, 1821இல், அவ்வூர் வழிகாட்டிகள் ஒன்றுசேர்ந்து ஒரு சங்கம் அமைத்தனர். உலகிலே மலை வழிகாட்டிகளுக்கென ஏற்பட்ட முதற் சங்கம் அதுவே, இன்றும் இயங்குகின்றது. முறைவைத்து வேலை பகிர்வதும், விபத்துற்றோர் குடும்பத்துக்கு உதவ நிதி சேர்ப்பதும் அதன் விதிகளாயின. தாம் விரும்பிய வழிகாட்டியைத் தெரிந்தெடுக்க முடியவில்லையே என்று பயணிகள் பின்னர் முறையிட்டது உண்டு. விதவைகளின் தரப்பிலிருந்து பார்ப்பின் அம்முறையீடு பெரிதாகத் தோன்றாது.

மூவரின் கதை அத்துடன் முடியவில்லை. சேம்சு போபிசு என்னும் ஸ்கொத்லாந்து விஞ்ஞானி 1842 முதலாகப் பனிக்கடலிலே அடையாளங்கள் இட்டு அது நகரும் வேகத்தை அளந்தவர். புதைந்த உடல்கள் பனிக்கட்டியோடு நகர்ந்து வருகின்றன. ஏறத்தாழ 40 ஆண்டுகளில் பொசோன் பனிக்கட்டியாற்றின் அடிமுனையில் வெளிப்படும் என்று அவர் கணித்துச் சொன்னார். 1861 ஓகஸ்ட் மாதத்திலே, விபத்து நிகழ்ந்து 41 ஆண்டுகளில், பொசோன் பனிக்கட்டியாற்றின் கீழ்முனையில் மனித உடலின் பகுதிகள் தோன்றின. நசுங்கிய விளக்கு ஒன்றும், தொப்பியும், கிழிந்த உடைகளும், வழியுணவாகக் கொண்டுசென்ற ஆட்டுத் தொடையும் உடன் வந்தன. அவ்விபத்தில் உயிர் தப்பிய வழிகாட்டி ஒருவர் அப்போது முதுமையுற்று உயிருடன் இருந்தார். எச்சங்களை இனங்காட்ட அவரையே அழைத்து வந்தனர். அவர் கிழவராகியிருந்தார். பனிக்கட்டியிலிருந்து வெளிவந்த அவருடைய தோழரின் கையோ இளைஞனின் கையாகவே இருந்தது.

மலை திருப்பித் தருவது எப்போதும் மெல்ல நிகழ்வதுமன்று. மேற்குச் சரிவிலே தேத் றூஸ் என்னும் சிறு பனிக்கட்டியாறு உண்டு. அதன் வயிற்றினுள்ளே உருகிய நீர் வெளியே வழியின்றித் தேங்கிக் கிடந்ததை எவரும் அறிந்திலர். 1892 யூலை 11ஆம் நாள் இரவு கழிந்து மறுநாள் பிறந்த வேளையிலே பனிக்கட்டியின் முகம் உடைந்தது. நீரும் பனியும் பாறையும் சேறுமாகத் திரண்டு இறங்கிய வெள்ளம், சென் ஜேர்வே வெந்நீரூற்று விடுதியையும் அயற் குடியிருப்புக்களையும் உறக்கத்திலேயே வாரிச் சென்றது. ஏறத்தாழ 175 பேர் மாண்டனர். அதே பனிக்கட்டியினுள்ளே மீண்டும் நீர் சேர்ந்திருப்பதை விஞ்ஞானிகள் கண்டறிந்தது 2010ஆம் ஆண்டில். அவ்வாண்டு கோடை முடிவிலே மேலிருந்து துளையிட்டு, 45,000 கனமீற்றருக்கு மேற்பட்ட நீரை இறைத்து வெளியேற்றினர். கீழே ஏறத்தாழ 3,000 மக்கள் வாழ்ந்தனர். நிகழாது போன விபத்துக்கு நினைவுத்தூண் நாட்டுவாரில்லை. ஆயினும் இம்மலையின் வரலாற்றிலே மனிதர் செய்த நற்செயல்களுள் அது ஒன்று.

பனியின் தன்மையைப் பெரிய அறிஞரும் சில வேளை மறந்ததுண்டு. பிரெஞ்சு வானியலாளர் சான்சென் என்பவர் உச்சியின்மேலேயே வானாராய்ச்சி நிலையம் அமைக்க விரும்பினார். தமிழ் நிலத்துக்குப் புதியவர் அல்லர் அவர். 1871 டிசம்பர் 12ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை நீலகிரி மலையில் நின்று நோக்கியவர். அதே கிரகணத்தை ஆங்கில வானியலாளர் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் பாசறை அமைத்துக் கண்டனர். சான்சென் கால் ஊனமுற்றவர். வழிகாட்டிகள் அவரைத் தூக்கியும் சறுக்குப் பலகையில் வைத்து இழுத்துமே மலையின்மேற் கொண்டுசென்றனர். அத்திவாரத்துக்குப் பாறை வேண்டும் என்று பொறியியலாளர் ஐபெல் கேட்டார். பரிசுக் கோபுரத்தைக் கட்டிய அதே ஐபெல். 1891இலே உச்சியின் கீழ்ப் பனியைக் குடைந்து தேடினர். பாறை அகப்படவில்லை. முன்னர் ஏறிய எவரோ தின்று எறிந்த பழத்தின் கொட்டையொன்றே அகப்பட்டது என்று சொல்வார்கள். அவ்வேலை நடந்த காலத்தில் ஜகொத்தே என்னும் இளம் வைத்தியர் மலையிலேயே நோயுற்று இறந்தார். உயரத்தில் நுரையீரலைத் தாக்கும் நோயை விளங்கிக்கொள்ள அவருடைய மரணம் பின்னாளில் மருத்துவருக்கு உதவிற்று. சான்சென் பின்வாங்கவில்லை. 1893இல் பனியின்மேலேயே நிலையத்தை நிறுவினார். பனி அதனையும் தன் வழக்கப்படி உள்ளே எடுத்துக்கொள்ளத் தொடங்கிற்று. 1909ஆம் ஆண்டளவில் கட்டடம் புதைந்து கைவிடப்பட்டது.

இனி, பொழுதுபோக்குக்காக இம்மலையை நாடியோரின் கதை. அல்பேட் சிமித் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1851இலே ஏறினார். அவர் கூட்டத்தாரின் சுமையில் தொண்ணூறுக்கு மேற்பட்ட மதுப் புட்டிகளும் 46 கோழிகளும் இருந்தன. அடுத்த ஆண்டு முதல் இலண்டனிலே அப்பயணத்தை ஓவியத் திரைகளுடன் மேடையிற் சொல்லத் தொடங்கி, ஆறாண்டுகளில் ஏறத்தாழ 2,000 தடவை நடத்திப் பெரும் பொருள் ஈட்டினார். அவரை எள்ளி நகையாடியோர் பலர். ஆயினும் சாதாரண ஆங்கிலேயரை அல்ப்சுக்கு அனுப்பியவர் அவரே. 1860இல் சவோய் நாடு பிரான்சுடன் இணைந்தது. 1908இல் மொந்தன்வேர் மலைக்குப் பற்சக்கர இருப்புப்பாதையில் வண்டி ஓடத் தொடங்கி, மறு ஆண்டு பனிக்கடலின் ஓரத்தை எட்டியது. வின்டம் தடியூன்றி ஏறிய மேட்டுக்குப் பெண்களும் குழந்தைகளும் அமர்ந்தபடியே சென்றனர். 1955இல் எகுய் டி மிடி என்னும் 3,842 மீற்றர் உயரமான பாறைமுடிக்குக் கம்பித்தொட்டில் போயிற்று. அங்கிருந்து வெண்பள்ளத்தாக்கு வழியாக ஏறத்தாழ 20 கிலோமீற்றர் பனியிலே சறுக்கி இறங்குவது இன்றும் சறுக்குவோரின் பெருவிருப்பம். மலையைச் சுற்றி மூன்று நாடுகளினூடே செல்லும் நடைபாதை ஒன்றும் உண்டு. அதன் நீளம் ஏறத்தாழ 170 கிலோமீற்றர்.

1924 சனவரி 25ஆம் நாள் முதல் பெப்ருவரி 5ஆம் நாள் வரை 16 நாடுகளின் வீரர் சமொனியில் கூடினர். குளிர்கால விளையாட்டு வாரம் என்று தொடங்கிய அவ்விழாவுக்கு, முதலாவது குளிர்கால ஒலிம்பிக் என்ற பெயர் பின்னரே சூட்டப்பட்டது. பனிச்சறுக்குப் பாய்ச்சலில் மூன்றாம் இடம் நோர்வே நாட்டின் ஹோக் என்பவருக்குக் கிடைத்தது. நாலாமவர், நோர்வேயிற் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஹோகன். பல்லாண்டுகள் சென்ற பின் புள்ளிகளை மீண்டும் கூட்டிப் பார்த்தபோது, கணக்கிலே பிழை இருந்தது தெரிந்தது. ஹோக் அப்போது உயிருடன் இல்லை. 1974ஆம் ஆண்டில் அவருடைய மகள் தம் தந்தையின் பதக்கத்தை எடுத்து, முதியவரான ஹோகனின் கையிலே கொடுத்தார். ஐம்பது ஆண்டு பிந்திய பதக்கம். சமொனியில் அது வழக்கத்துக்கு மாறானதன்று.

உல்லாசப் பயணிகளும் மலையேறுவோரும் இன்று முகங்கொடுக்கும் மாற்றத்தை எண்களே சொல்லும். மொந்தன்வேரிலிருந்து பனிக்கடலின் மேற்பரப்பைத் தொட 1988ஆம் ஆண்டில் சில படிகள் இறங்கினாற் போதுமானதாக இருந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் 500க்கு மேற்பட்ட படிகள் வேண்டியதாயிற்று. உயரத்திலே பாறைகளைப் பிணைத்து வைத்திருந்த நிலப்பனி கோடையில் இளகுவதால் கற்கள் உருள்கின்றன. கூத்தே வழியிலுள்ள ஒரு சரிவில் மட்டும் 1990 முதல் 2017 வரை 100க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். உச்சியின் நிலை சற்று வேறு. மலையின் பாறைமுடி 4,792 மீற்றர். அதற்கு மேலுள்ளது பனித்தொப்பி. காற்றும் பனிப்பொழிவும் அதனைக் கூட்டியும் குறைத்தும் வைக்கின்றன. அளவையாளர் 2001 முதல் ஈராண்டுக்கொருமுறை அதனை அளந்து வருகின்றனர். 2007இல் 4,810.90 மீற்றர், 2021இல் 4,807.81, 2023இல் 4,805.59. இவ்வேற்றத்தாழ்வைக் கொண்டே வெப்பமாற்றத்தை அளக்கலாகாது என்று அளவையாளரே எச்சரிக்கின்றனர். சாட்சி வேண்டுமாயின் உச்சியைப் பார்க்க வேண்டாம், அடிவாரத்தைப் பார்க்க வேண்டும்.

அடிவாரத்திலே, பொசோன் பனிக்கட்டியாறு சுருங்கிய இடத்தில், இந்தியாவிலிருந்து புறப்பட்ட பொருள்கள் வெளிப்பட்டு வருகின்றன. 1950 நொவெம்பர் 3ஆம் நாள், பம்பாயிலிருந்து இலண்டனுக்குச் சென்ற மலபார் பிரின்செஸ் என்னும் எயார் இந்தியா விமானம் சூறைக் காற்றிலே இம்மலையில் மோதிற்று. 48 பேரும் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் கப்பலில் வேலைக்குச் சென்றுகொண்டிருந்த மாலுமிகள். அவர்களைத் தேடிச் சென்ற கூட்டத்தில் றெனே பயோ என்னும் சமொனி வழிகாட்டியும் உயிரிழந்தார். 1966 சனவரி 24ஆம் நாள் அதே நிறுவனத்தின் கஞ்சன்சங்கா விமானம், ஏறக்குறைய அதே இடத்தில், 117 பேருடன் மோதி அழிந்தது. ஜெனீவாவில் இறங்குதற்காகத் தாழ்ந்து வந்த வேளை, மலையைத் தாண்டிவிட்டதாக விமானி கொண்ட எண்ணம் பிழையாயிற்று. இந்திய அணுவாராய்ச்சியின் தந்தை எனப்படும் ஹோமி பாபா அவ்விமானத்தில் இருந்தார்.

போபிசு அளந்த முறையிலேயே பனிக்கட்டி அவற்றையும் சுமந்து வந்தது. 2012இல் இந்திய வெளிநாட்டமைச்சின் முத்திரையிட்ட தபாற்பை ஒன்று அகப்பட்டு, இந்தியத் தூதரகத்திடம் சேர்ந்தது. அடுத்த ஆண்டு மலையேறும் இளைஞன் ஒருவன் மரகதமும் நீலக்கல்லும் நிறைந்த சிறு பெட்டியொன்றைக் கண்டெடுத்தான். எவரும் பார்த்திராத இடம், தன்னிடமே வைத்திருக்கலாம். அவனோ நேரே காவல் நிலையத்தில் ஒப்படைத்தான். உரியவரைத் தேடியும் காணாமையால், 2021இல் கற்கள் இரு பங்காக்கப்பட்டு, ஒரு பங்கு அவனுக்கும் மறுபங்கு சமொனி ஊருக்கும் கொடுக்கப்பட்டன.

2020ஆம் ஆண்டுக் கோடையிலே, பனிக்கட்டியாற்றின் அருகே சிற்றுண்டிச்சாலை நடத்துபவர் ஒருவர் ஈரமான தாட்கட்டு ஒன்றைக் கண்டார். 1966 சனவரி மாதத்து இந்தியச் செய்தித்தாள்கள் அவை, ஏறத்தாழப் பன்னிரண்டு. இந்திரா காந்தி இந்தியாவின் முதற் பெண் பிரதமராகிறார் என்பது அவற்றின் தலைப்புச் செய்தி. 1960இலேயே பெண் பிரதமரைக் கண்டுவிட்ட இலங்கையருக்கு அச்செய்தி அன்றே புதுமையாக இருந்திராது. விமானம் மோதிய அதே நாளிலேதான் அவர் பதவியேற்றார். பனிக்கட்டியினின்று வெளிப்பட்டுச் சில நாட்களே ஆகியிருந்ததால் மை கலையவில்லை. சிற்றுண்டிச்சாலைக்காரர் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து உலரப் போட்டார். எழுத்துக்களை வாசிக்க முடிந்தது.